வக்கீல் யாருக்கு?

வக்கீல்களில் அநேகருக்குக் கேஸ் கட்டுத் தெரியுமே ஒழியக் கட்சிக்காரனைத் தெரியாது. அவன் வராண்டாவில் காத்து நிற்பான். வாயைத் திறந்தால் "நீ சும்மாயிரு" என்பார்கள். ஏழையானால் கேட்கவே வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கிடியன் என்ற ஏழைக் கைதி சிறையிலிருந்து பென்சிலால் எழுதியனுப்பிய மனுவின்மேல், பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்குச் சர்க்கார் வக்கீல் கொடுத்தே தீரவேண்டுமென்று 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நல்லதுதான். ஆனால் கேஸ்களை மலைபோல் தலையில் சுமந்த வக்கீலுக்குக் கட்சிக்காரன் முகத்தைப் பார்க்க நேரமேது?

இந்தக் கேள்விக்குத் தமது தொழிலாலேயே பதில் சொன்னவர் ராபின் ஸ்டைன்பெர்க் என்ற அம்மையார். நியூயார்க் ஹார்லெம் பகுதியில் ஏழைகளுக்கு வாதாடிய அவர், 1997-ல் பிராங்ஸ் பகுதியில் தோழர்கள் சிலருடன் ஒரு வக்கீல் நிலையம் தொடங்கினார். சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் ஏழைக்கு வீடு போகலாம், வேலை போகலாம், பிள்ளைகள் போகலாம், வேற்று நாட்டானாயிருந்தால் நாடே போகலாம். ஆகவே குற்ற வக்கீலோடு, வீட்டு வழக்கு, குடும்ப வழக்கு, குடியேற்ற வழக்கு பார்ப்போரும், சமூக ஊழியரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். கட்சிக்காரனுக்கு எது பெரிய கவலை என்பதை அவனிடமே கேட்டு வேலை செய்தனர். ஜாமீன் கட்டப் பணமில்லாமல், வீடு திரும்பினால் போதுமென்று குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறவர்களுக்காக 2007-ல் ஒரு ஜாமீன் நிதியும் ஏற்படுத்தினார்.

"குற்றவாளிகளைத் தப்பவிடும் வேலை" என்பார்கள் சில கனவான்கள். வாய்ப்பேச்சு எதற்கு? கணக்கைப் பார்ப்போம். அதே பிராங்ஸில், பழைய முறையில் வாதாடிய மற்றொரு சங்கத்தின் கேஸ்களோடு ஒப்பிட்டு, பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கேஸ்களை ஆராய்ந்தவர்கள் 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். குற்றவாளி என்று தீர்ப்பாவது குறையவில்லை. ஆனால் சிறைத் தண்டனை கிடைப்பது 100-க்கு 16 பங்கும், தண்டனைக் காலம் 100-க்கு 24 பங்கும் குறைந்தன. ஊருக்குக் கேடு அதிகமானதாகவும் காணவில்லை.

அப்படியானால், இத்தனை காலமும் ஏழைகள் அதிகப்படியாய்ச் சிறையில் கிடந்தது யாருக்காக? அவர்கள் தலைவிதிக்காகவா? இல்லை, அவர்களை ஒரு மனிதனாக மதித்து விசாரிக்க ஆளில்லாததற்காகவே.

தோழர்களே! தர்மத்துக்கு வாதாடுகிறேன் என்று மார்தட்டும் வக்கீல் ஏழைக்குத் தேவையில்லை. அவன் சொல்லுவதை உட்கார்ந்து கேட்கிற வக்கீலே தேவை. அது தயவு அல்ல. அவனுடைய உரிமை என்பதே நமது அபிப்பிராயம்.