ஐப்பசிக் காய்க்கு ஆனியிலேயே கணக்கு

திருநெல்வேலி மாவட்டத்தின் பத்தமடை வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகைக் காய்கறியின் விளைச்சலை மழைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. வட இந்தியாவில் அதே மாதங்களில் குளிர் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் 'குளிர்காலக் காய்கறி' என்ற ஒரே அட்டவணைக்குள் அடைக்கும்போது நட்டப்படுபவர், அரை ஏக்கரையும் ஒரு ஏக்கரையும் நம்பியிருக்கும் சிறு விவசாயி. தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர்தான் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏறத்தாழ 1.85 ஏக்கர். இந்த அளவு நிலத்தில் ஒரு பட்டம் தவறினால் அந்த ஆண்டே தவறியது போலத்தான்.

பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் செப்டம்பர் கடைசியில் மழை ஓய்ந்துவிடும். ஈரம் காயத் தொடங்கும் மண்ணில் அக்டோபர், நவம்பரில் பட்டாணியும் கேரட்டும் முள்ளங்கியும் விதைக்கிறார்கள். காலிபிளவரில் மாதத்துக்கு ஒரு ரகம் உண்டு. முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலேயே பூக்கட்டும். பின்பருவ ரகங்களுக்கு 10 முதல் 16 டிகிரிக் குளிர் வேண்டும். ரகம் மாறிப்போனால் பூ பொத்தானளவில் நின்றுவிடும், அல்லது இலை மட்டும் தழைக்கும். அங்கே சாகுபடியின் கணக்கு முழுவதும் வெப்பமானியில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கிலீஷ் காய்களுக்கு இது இடமல்ல. ஓசூரும் நீலகிரியும் அவற்றை விளைவித்து அனுப்பட்டும். பத்தமடைக்கு நாட்டுக் காய்களும் கிழங்குகளுமே ஏற்றவை.

வடக்கே மழை முடியும் வேளையில் இங்கே மழை தொடங்குகிறது. திருநெல்வேலிச் சமவெளியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவே கொட்டிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு இரண்டு மாவட்டங்களை மூழ்கடித்தது. எல்லா ஆண்டும் அப்படியில்லை. ஆனால் இரண்டு மூன்று நாள் அடைமழையில் பாத்தி முங்குவது ஆண்டுதோறும் நடப்பது. அதனால் என்ன காய் என்று யோசிக்கும் முன் எந்த நிலம் என்று பார்த்தாக வேண்டும்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றான கன்னடியனிலிருந்து பிரியும் கால்வாய், ஆற்றின் தென்கரையில் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் பத்தமடைப் பக்கம் வருகிறது. கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட தாழ்வான பகுதி நஞ்சை. கால்வாய்த் தண்ணீர் ஏறாத மேடு புஞ்சை; அங்கே செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும். பிசானம் என்ற மழைக்கால நெல் பட்டத்துக்குத் தண்ணீர் திறந்ததும் நஞ்சையில் நெல்லைத் தவிர வேறு எதற்கும் வேலையில்லை. நெல் வயல்களுக்கு நடுவே பத்து சென்ட்டை மட்டும் மேடாக்கிக் கத்தரி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே தண்ணீர் நிற்காதுதான். பக்கத்து வயலின் தண்ணீர் வரப்புக்கு அடியில் கசிந்து வந்து வேரில் நிற்கும். அடுத்த வெயிலில் செடி தலை தொங்கும். தண்ணீருக்கு ஏங்குகிறது என்று நினைத்து மறுபடி பாய்ச்சுவது அதைக் கொன்றுவிடும். வேர் மூச்சுவிட மண்ணில் காற்று வேண்டும்; ஈரம் அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டதால், தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தண்ணீர் குடிக்க முடியாமல் வாடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு மண்வெட்டி போதும். நல்ல மழை பெய்த மாலையில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். குழியில் தண்ணீர் அப்படியே நின்றால் அது சேம்பு போடும் இடம். பாதி வடிந்திருந்தால் பார் உயர்த்தி வெண்டை வைக்கலாம். முழுக்க வடிந்திருந்தால் கத்தரி, மிளகாய், சிறுகிழங்கு எதையும் நம்பி வைக்கலாம். காய்கறியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இந்தக் குழியிலேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி, அறுவடை நாளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுவது. இந்த வட்டாரத்தில் காய்கறிக்கு இரண்டு உச்சங்கள் உண்டு. கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டதும் வீடுகளில் மீனும் கறியும் நின்றுபோகும். தோட்டங்கள் மழையில் அடிபட்டு வரத்து குறைவதும் அதே மாதத்தில்தான். இரண்டாவது உச்சம் பொங்கல். நெல்லைச் சீமையில் பொங்கல் பானைக்கு முன் இலை விரித்துப் பச்சைக் காய்களையும் கிழங்குகளையும் படைப்பார்கள்: சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பிடிகிழங்கு, பனங்கிழங்கு, அவரை, கத்தரி, சீனியவரை, தடியங்காய் என்ற வெண்பூசணி, மஞ்சள் குலை. நயினார்குளம் மொத்தச் சந்தையிலும் பாவூர்சத்திரத்திலும் உழவர் சந்தைகளிலும் அந்த ஒரு வாரம் நாட்டுக் காய்க்கு இருக்கும் கேட்பு வேறு எப்போதும் இருக்காது. தை முதல் தேதிக்குப் பத்து நாள் பிந்தி வரும் சிறுகிழங்குக்கு அந்த விலை கிடைக்காது. தேதியைத் தவறவிடுவதும் ஒருவகைப் பயிர்ச் சேதமே.

சிறுகிழங்கின் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். நட்டதிலிருந்து ஏறத்தாழ ஐந்து மாதப் பயிர் அது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் கிழங்கு தோண்ட வேண்டுமானால் ஆடிக் கடைசிக்குள் கொடி மண்ணில் இருக்க வேண்டும். நடுவதற்குக் கொடி எடுக்க, அதற்கும் ஒன்றரை மாதம் முன்பாக, ஆனி நடுவில், விதைக்கிழங்கை நாற்றங்காலில் ஊன்ற வேண்டும். அப்படியென்றால் தைக் காயின் முதல் வேலை சாரல் காற்றிலேயே தொடங்குகிறது. நாற்றங்காலில் தழைத்த கொடியின் நுனியை அரை அடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிள்ளிப் பாரின் மேல் சாய்த்து நட்டு, நுனி மட்டும் வெளியே தெரியும்படி மண் மூடுவார்கள். நாற்பத்தைந்தாம் நாள் களை வெட்டி மேலுரம் இட்டு மண் அணைப்பதுதான் இந்தப் பயிரின் உயிர்நாடி. மூடிய கணுக்களில்தான் கிழங்கு இறங்கும். ஐப்பசி மழை வருவதற்குள் இந்த மண் அணைப்பு முடிந்திருக்க வேண்டும். மழைக்குப் பின் சேற்றில் வெட்டினால் வேர் அறுபட்டுக் கிழங்கு சிறுத்துப்போகும். பெரிய கிழங்குக்கே விலை. சிறிய கிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலெடுக்கும் வேலை பெண்கள் தலையில் விழுவதால், சந்தையில் குவியலுக்கு முன் நிற்பவர்கள் கையை உள்ளே விட்டுப் பெரிதாகப் பொறுக்குவார்கள்.

இந்தக் கிழங்கின் பெரும் பகை வேர்முடிச்சு நூற்புழு. தாக்கிய கிழங்கில் மரு மருவாக முண்டு தோன்றும். சேமித்து வைத்தால் சீக்கிரம் அழுகும். ஒரே விளையில், அதாவது ஒரே புஞ்சைத் தோட்டத்தில், வருடந்தோறும் சிறுகிழங்கே போட்டால் புழு பெருகத்தான் செய்யும். 1963-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரத்து மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இதற்கு நல்ல வழி ஒன்று சொல்கிறது. அதன் ஸ்ரீபத்ரா என்ற சர்க்கரைவள்ளி ரகத்தை முந்தைய பட்டத்தில் போட்டால் புழு அதன் வேருக்குள் நுழையும். நுழைந்தபின் பெருக முடியாமல் அடங்கும். மருந்துச் செலவில்லாத இந்த யோசனை கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கத்துச் செம்மண் விளைகளுக்கு எப்போதோ பரவியிருக்க வேண்டும்.

பந்தல் அவரையிலும் வடக்கும் தெற்கும் வேறுபடுவது தெரியும். பகல் குறுகினால்தான் அது பூக்கும். பஞ்சாபில் நெடிய பகலுக்கும் குறும் பகலுக்கும் நாலு மணி நேர வித்தியாசம். திருநெல்வேலியில் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரக் குறைவையும் கொடி உணர்ந்துகொள்கிறது. சித்திரையில் ஊன்றினாலும் மழைக்காலத்தின் பிற்பகுதி வரை கொடி வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். ஐப்பசியில் ஊன்றினால் கொடி வளரும் முன்பே பூத்துக் காய் குறையும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகையில் பூத்து மார்கழி முழுக்கக் காய்க்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொலவடைக்கு அவரையைவிட நல்ல சாட்சி இல்லை. மார்கழிப் பனியில் கொழுந்தில் அசுவினி அடைந்தால் அந்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேப்பங்கொட்டைச் சாற்றை ஐந்து சதவீதமாகக் கரைத்துத் தெளித்தால் பெரும்பாலும் கட்டுப்படும். பகலைப் பாராமல் காய்க்கும் குத்து அவரையும் இருக்கிறது. அது எப்போதும் வரும் என்பதால் பொங்கலுக்குத் தனி மதிப்பு அதற்குக் கிடையாது.

புடலை, பீர்க்கு, பாகல், சுரைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு இடைஞ்சல்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று பந்தலைப் பிய்க்கும். ஐப்பசியில் மழை பூவை நனைக்கும். புடலைப் பூவும் பீர்க்கம்பூவும் அந்தி சாய்ந்து விரிபவை, மழையும் பெரும்பாலும் அந்திக்கு மேல்தான் இறங்கும். மகரந்தம் கரைந்து பிஞ்சு வெம்பிவிடும். கல்பந்தல் உள்ளவர்கள் தொடரட்டும். மூங்கிலும் கயிறும் கட்டிப் புதிதாகத் தொடங்குபவர் தைப் பட்டம் வரை பொறுப்பது நல்லது. தடியங்காய் மட்டும் விதிவிலக்கு. தரையிலேயே படர்ந்து ஆவணி விதைப்பில் மார்கழிக் கடைசிக்குத் திரண்டுவிடும், வெட்டி வைத்தாலும் மாதக்கணக்கில் கெடாது.

கத்தரிக்கு ஒரே விதி: பெருமழை வருமுன் செடி மூன்று வாரமாவது வயலில் நின்றிருக்க வேண்டும். ஆவணியில் நாற்று விட்டுப் புரட்டாசி நடுவில் நட்டால் கார்த்திகை நடுவில் முதல் காய் பறிக்கலாம். நாற்றங்காலில் மழை அடித்தால் தண்டின் அடி கருகி நாற்று கொத்தாகச் சாயும். ஓலைக் கூரைக்கடியில் குழித்தட்டில் வளர்த்து, நார்க்கழிவோடு டிரைக்கோடெர்மா விரிடி கலந்துவிட்டால் இதை வெகுவாகத் தவிர்க்கலாம். ரகத்தில் நெல்லைக்காரர் நாக்கு வெள்ளைக் காய்க்குப் பழகியது. வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, குளத்தூர் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த கேகேஎம் 1 பால்வெள்ளை நிறத்தில் கொத்தாகக் காய்ப்பது. வெளியூர் வீரிய ரகத்தின் ஊதாக் காய் எடையில் கூடும், ஆனால் இங்குள்ள உழவர் சந்தையில் அடியில் தங்கிவிடும். வெண்டை நாற்பத்தைந்தாம் நாளே பறிப்புக்கு வந்து கையில் காசு காட்டும். மழைக்காலத்தில் வெள்ளை ஈ குறைவதால் மஞ்சள் தேமலும் குறைகிறது.

தக்காளியை இந்தப் பருவத்தில் தவிர்ப்பது மேல். கார்த்திகை விலையைப் பார்த்து ஆசைப்பட்டுப் புரட்டாசியில் நடுகிறார்கள். பூ உதிர்ந்து, இலை கருகி, தப்பிய பழமும் வெடிக்கிறது. மழை தணியும் கார்த்திகைக் கடைசியில் நட்டால் மாசியில் பழம் வரும். அப்போது விலை இருக்காது, பயிர் இருக்கும். சின்ன வெங்காயமும் ஈரத்தில் அழுகுவது. கீரையை ஒரேயடியாக விதைக்காமல், மழை விடும் இடைவெளி பார்த்து வாரத்துக்கு ஒரு பாத்தி என்று போடலாம்.

இளம் வாழைத் தோட்டத்தில் ஊடுபயிர் வைக்க இந்தப் பள்ளத்தாக்கில் வாய்ப்பு அதிகம். வெண்டை, சீனியவரை, கீரை அங்கே பொருந்தும். வெள்ளரி, பூசணி இனம் வேண்டவே வேண்டாம். அவற்றைத் தாக்கும் தேமல் வைரஸ் அசுவினி மூலம் வாழைக்குத் தாவும். களைகளில் கோரையைப் பற்றியும் சொல்ல வேண்டும்: பாயால் பத்தமடைக்குப் பேர் வாங்கித்தந்த ஆற்றோரக் கோரை வேறு, பாத்தியில் கொட்டை கொட்டையாக முளைத்து உரத்தைத் தின்னும் கோரை வேறு. இரண்டாவதை நடவுக்கு முன் கோடையுழவில் புரட்டிக் காயப்போடாதவர்கள் மழைக்காலம் முழுக்கக் களை எடுத்தே ஓய்வார்கள்.

ஐம்பது சென்ட் மேட்டு நிலத்தில் இருபது சென்ட் சிறுகிழங்கு, பத்து சென்ட் கத்தரி, பத்து சென்ட் வெண்டை, ஓரம் முழுக்க அவரை, மீதியில் தடியங்காயும் கீரையும் என்று பிரித்தால் வெண்டை ஐப்பசிக் கடைசியிலிருந்தும் கத்தரி கார்த்திகையிலும் கிழங்கு தையிலும் வருமானம் தரும். ஒன்று மழையில் போனாலும் இன்னொன்று நிற்கும். ஆனால் இப்படிக் கலந்து வைப்பவருக்கு அரசின் கணக்கில் இடமில்லை. வெள்ள நிவாரணம் அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்குப் பதிவைப் பார்த்து எழுதப்படுகிறது. நெல்லும் வாழையும் அதில் ஏறும் அளவுக்குப் பத்து சென்ட் கத்தரி ஏறுவதில்லை. வாய்மொழிக் குத்தகைக்காரரின் பெயரும் ஏறுவதில்லை. கலப்புத் தோட்டத்தைக் காய்கறி என்ற ஒரே தலைப்பிலாவது ஆவணியிலேயே பதிந்துகொள்வது கிராம நிர்வாகத்துக்கு முடியாத காரியமல்ல. அரசு செய்யக்கூடியது இன்னொன்றும் உண்டு. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணையினது 118 அடி. இவற்றின் இருப்பைப் பார்த்துப் பிசானத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாள் ஆண்டுதோறும் மாறுகிறது. உத்தேச நாளைப் புரட்டாசித் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், கால்வாயோரத்தில் வெண்டை வைப்பவர் பாரை எவ்வளவு உயர்த்துவது, எப்போது ஊன்றுவது என்று முடிவு செய்துகொள்வார்.

அடுத்த ஆண்டுக்கான வேலை இந்த ஆண்டு அறுவடையிலேயே தொடங்குகிறது. தையில் தோண்டிய சிறுகிழங்கில் முண்டு இல்லாத, நடுத்தர அளவுள்ளவற்றைப் பொறுக்கி, நிழலில் மணல் பரப்பி ஆனி வரை காத்து வைக்க வேண்டும். அவரையில் கொடியின் நடுப்பகுதியில் முதலில் காய்த்த நெற்றுகளைப் பறிக்காமல் விட்டு, மாசி வெயிலில் உலர்த்தி, வேப்பிலையோ சாம்பலோ கலந்து அடைத்து வைப்பார்கள். கத்தரிக்கு, பூச்சி துளைக்காத நாலைந்து செடிகளில் துணி கட்டி அடையாளம் வைத்து, காய் மஞ்சள் பாரித்துப் பழுத்த பின் விதை எடுத்து, கழுவி நிழலில் காயவைக்க வேண்டும்.