ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே முடிவைப் பேசவும் நாள் குறியுங்கள்

புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களும் அவர்களைக் கவனித்துக்கொண்ட குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. தொடர் பரிசோதனையின் ஸ்கேன் முடிவை நோயாளியிடம் எப்படிச் சொல்ல வேண்டும், அதுவரை அவருக்கு யார் துணை என்பது பற்றிய எங்கள் நிலைப்பாடு இது.

சிகிச்சை முடிந்த பிறகும் பலருக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை தொடர்கிறது. தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விடுகிறது. பேருந்தில் உட்கார்ந்து வந்ததால் வந்த முதுகுவலிகூட, எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று நினைக்க வைக்கிறது. பயத்தால் ஸ்கேனையே தள்ளிப்போடுபவர்களும் உண்டு. எங்களுக்குப் பெரிய கவலை அவர்களைப் பற்றித்தான். “தைரியமா இருங்க, ஒண்ணும் இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போவதை நாங்கள் ஆறுதலாகக் கருதவில்லை. ஒன்றும் இருக்காது என்பது சொல்பவருக்குத் தெரியாது. தெரியாது என்பது கேட்பவருக்குத் தெரியும்.

இன்றைய நடைமுறை இந்தப் பயத்தை இன்னும் கூட்டுகிறது. சனிக்கிழமை மாலை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. டாக்டரைப் பார்ப்பதோ புதன்கிழமை. இடைப்பட்ட நாட்களில் மகனோ மகளோ அதைத் திறந்து, அதிலுள்ள எண்களை இணையத்தில் தேடுகிறார்கள். அந்த எண்கள் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடியவை. உதாரணமாக, பெட் ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. புற்றுநோய் செல்கள் அதை அதிகமாக உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் மூளை எப்போதும் உறிஞ்சும். கிருமித்தொற்று உள்ள இடம், ஆறிவரும் அறுவைசிகிச்சைக் காயம், காசநோய் தாக்கிய நெறிக்கட்டி எல்லாமே உறிஞ்சும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இந்தக் குழப்பம் அபூர்வமல்ல. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவருக்கு, அந்தச் சர்க்கரையை உறிஞ்சி ஸ்கேனில் ஒளிரும் இடத்தைக் கல்லீரலோடும் ரத்த ஓட்டத்தோடும் ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார்கள். சிகிச்சைக்குப் பின் 3 வந்தால் பெரும்பாலும் அது நல்ல செய்தி. விவரம் அறியாதவர் அதையே மூன்றாம் கட்ட நோய் என்று படித்துவிட்டு இரவெல்லாம் அழக்கூடும்.

அதற்காக ரிப்போர்ட்டை நோயாளியிடம் கொடுக்காதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலும் இந்த உரிமை இருக்கிறது. அதில் அணுவளவும் விட்டுக்கொடுக்க நாங்கள் தயாரில்லை. ஸ்கேனுக்கு நாள் குறிக்கும் அதே சீட்டில், முடிவை விளக்கிப் பேசும் நாளையும், அதற்கு முன் சந்தேகம் வந்தால் கூப்பிட ஓர் எண்ணையும் எழுதிக் கொடுங்கள் என்றே கேட்கிறோம். மருத்துவமனைகளில் கூட்டம் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும்; நாங்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். ஆனாலும் இது புது இயந்திரமோ புதுக் கட்டடமோ கேட்கும் வேலை அல்ல. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்து ஸ்கேன் எடுத்தவரை, முடிவைக் கேட்க மட்டும் இன்னொரு முறை வரவழைக்கவும் தேவையில்லை. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் போனிலும் வீடியோவிலும் ஆலோசனை வழங்க அனுமதிக்கின்றன.

அடுத்தது குடும்பங்களுக்கு. “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்ற வேண்டுகோள் பாசத்தில் பிறப்பது. அதை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் கிசுகிசுத்துப் பேசுவதையும், தன்னைக் கண்டதும் பேச்சு நிற்பதையும் அந்த அம்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பயத்தோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது. முடிவை முதலில் யார் கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ஸ்கேனுக்கு முன்பே அவரிடமே கேளுங்கள். “எனக்கு வேண்டாம்ப்பா, நீயே கேட்டுக்கோ” என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய உரிமை.

நோயாளிகளுக்கும் உடன் வருபவர்களுக்கும் சில யோசனைகள். பழைய ரிப்போர்ட்டையும் ஸ்கேன் படங்கள் உள்ள சிடியையும் ஸ்கேன் எடுக்கும்போதே கொடுத்துவிடுங்கள். முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால்தான் பல சந்தேகங்கள் தீரும். டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு, காது கொடுத்துக் கேட்க இன்னொருவரையும் அழைத்துச் செல்லுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மனநல உதவியை நாடுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்று தனித் துறையே இயங்குகிறது. புற்றுநோய் சிகிச்சை தரும் ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இதற்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஸ்கேன் நாளிலும் முடிவு கேட்கும் நாளிலும், இதே வழியைக் கடந்து வந்த எங்கள் தன்னார்வலர்கள் உடன் வருவார்கள். அவர்கள் ரிப்போர்ட்டுக்குப் பொருள் சொல்ல மாட்டார்கள். நாட்டு மருந்தோ வேறு மருத்துவமனையோ பரிந்துரைக்க மாட்டார்கள். நோயாளி சொன்னதை அவர் அனுமதியின்றி அவர் வீட்டாரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். இதை மீறும் தன்னார்வலரை அந்தப் பணியிலிருந்து விலக்குவோம்.