இரு பாடங்கள், ஒரே வேர்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் முதல் மூன்று படிவங்களிலும் அறிவியல் ஒரே பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. நான்காம் படிவத்தில் அது இயற்பியல், வேதியியல், உயிரியல் எனப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம், தனி ஆசிரியர், தனி ஆய்வுக்கூடம். இந்தப் பிரிவு கற்பிக்கும் வசதிக்காகச் செய்யப்பட்டது. மாணவர் பலர் இதை இயற்கையிலேயே அமைந்த பிரிவு என்று எண்ணிவிடுகின்றனர்.

“உயிரியல் பிடிக்கும், வேதியியல் மட்டும் வேண்டாம்” என்று சொல்லும் மாணவர் உண்டு. “வேதியியலில் கணக்காவது போடலாம், உயிரியல் முழுக்க மனப்பாடம்” என்று சலித்துக்கொள்ளும் மாணவரும் உண்டு. இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றனர். உயிரியலைப் பெயர்களின் பட்டியலாகவும் வேதியியலைச் சூத்திரங்களின் பட்டியலாகவும் அவர்கள் பார்க்கின்றனர். இரண்டையும் இணைத்து, காரணம் அறிந்து கற்றால் மட்டுமே இப்பாடங்கள் புரியும். பள்ளியைத் தாண்டியும் நிலைக்கும்.

மலேசியத் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான ஒரு பொருளைக் கொண்டு இதை விளக்கலாம். தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பால்மரம் சீவினர். பொழுது விடியும் முன்பே காட்டுக்குச் சென்றனர். மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து நிறுவைக்குக் கொண்டு வந்தனர். ஆலையில் அந்தப் பாலில் அமிலம் சேர்த்து உறைய வைத்தனர். மங்கிலும் பட்டையிலும் தானாகவே உறைந்து ஒட்டிக்கொண்டதை ஒட்டுப்பால் என்றனர். நீர்மமாகவே வைத்திருக்க வேண்டிய பாலில் அம்மோனியா சேர்த்தனர். இச்செயல்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ‘ஏன்’ இருக்கிறது.

விடியும் முன்பே மரம் சீவுவது ஏன்? இரவில் இலைகளிலிருந்து வெளியேறும் நீர் மிகக் குறைவு. அதனால் பட்டையில் உள்ள உயிரணுக்கள் நீர் நிறைந்து விம்மியிருக்கும். அந்த அழுத்தத்தில் பால் நன்றாக வடியும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழக்கத் தொடங்கும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். இந்த விடை உயிரியலைச் சேர்ந்தது.

அமிலம் சேர்த்ததும் பால் உறைவது ஏன்? ரப்பர் பாலில் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் புரதம் கலந்த மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அச்சவ்வு எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும் என்பதால் துகள்கள் ஒட்டிக்கொள்வதில்லை. அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. அவை சவ்வின் மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடுகின்றன. அதன்பின் துகள்கள் மோதுகின்றன, சவ்வு உடைகிறது, ரப்பர் ஒன்றுதிரண்டு உறைகிறது. இந்த விடை வேதியியலைச் சேர்ந்தது.

அமிலம் சேர்க்காமலேயே சில மணி நேரத்தில் பால் உறைந்துவிடுகிறதே, அது ஏன்? காற்றிலிருந்து வரும் பாக்டீரியாக்கள் பாலில் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. அம்மோனியா காரத்தன்மை கொண்டதால் அந்த அமிலத்தைச் சமன் செய்து பாலை உறையாமல் காக்கிறது. இங்கே உயிரியல் எங்கே முடிகிறது, வேதியியல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியுமா?

ரப்பரின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் உறுதியாக இருப்பதைக் கண்டறிந்தார். அது வேதியியல் அறிவு. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஹென்ரி ரிட்லி, மரத்திற்குக் கேடு வராமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அது உயிரியல் அறிவு. இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ரப்பர்த் தொழில் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

காரணம் அறிந்து கற்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரு காரணம் பல செய்திகளை விளக்கும். வீட்டில் பாலுக்கு உறை ஊற்றினால் தயிராகிறது. மோரில் உள்ள பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பாலில் மிதக்கும் கேசீன் என்னும் புரதத் துகள்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அமிலம் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்ததும் அவை ஒன்றுதிரண்டு தயிராகின்றன. ரப்பர் பாலில் நடந்ததைப் புரிந்துகொண்ட மாணவருக்குத் தயிரைப் பற்றித் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. புரிந்துகொள்ளாமல் படித்தவருக்கோ இவை தொடர்பில்லாத இரண்டு பாடங்கள். தேர்வுக்கு முதல் நாள் இரண்டு முறை உருப்போட வேண்டியவை.

பாடநூல்களிலேயே இத்தகைய இணைப்புகள் பல இருக்கின்றன. ஈஸ்ட் குளுக்கோஸைச் சிதைத்து எத்தனாலையும் கரிவளியையும் உண்டாக்குகிறது. உயிரியல் நூலில் இது உயிர்வளியின்றி நடக்கும் சுவாசம். வேதியியல் நூலில் இதுவே எத்தனால் தயாரிக்கும் முறை. சமன்பாடு ஒன்றுதான். ஆயினும், ஒரே சமன்பாட்டை இரண்டு முறை கற்கிறோம் என்று உணராமலேயே பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர் பலர்.

மருத்துவமனையில் நோயாளியின் நரம்பில் ஏற்றப்படும் உப்பு நீரையும் எண்ணிப் பார்க்கலாம். அதில் 100 மில்லிலிட்டருக்கு 0.9 கிராம் உப்பு கரைந்திருக்கும். வெறும் நீரை நேரடியாக இரத்தத்தில் செலுத்தினால், சவ்வூடுபரவலால் நீர் சிவப்பணுக்களுக்குள் புகும். அவை ஊதி வெடித்துவிடும். உப்பு மிகுதியாக இருந்தால் சிவப்பணுக்கள் நீரை இழந்து சுருங்கும். சவ்வூடுபரவலை மாணவர் உயிரியலில் கற்கின்றனர். கரைசலின் செறிவைக் கணக்கிட வேதியியலில் கற்கின்றனர். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது சுமார் 0.15 மோல். ‘மோல்’ என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சும் மாணவர், அந்தக் கணக்கில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது என்று அறிந்தால் அதை வேறு கண்ணோடு பார்ப்பார்.

அறிவியல் வரலாற்றில், இவ்விரு துறைகளுக்கும் இடையே உண்மையிலேயே ஒரு சுவர் இருப்பதாக அறிஞர்கள் நம்பிய காலமும் உண்டு. உயிர்களின் உடலில் தோன்றும் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாது. அதற்குத் தனியான உயிர்ச்சக்தி ஒன்று வேண்டும் என்று கருதினர். 1828ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடரிக் வோலர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை உயிரற்ற பொருளிலிருந்து செய்து காட்டினார். பழைய நம்பிக்கை ஒரே நாளில் மறையவில்லை என்றாலும், சுவரில் விரிசல் விழுந்தது. உடலில் நடப்பதும் குடுவையில் நடப்பதும் ஒரே விதிகளுக்கு உட்பட்டவை என்ற எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றியது.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், முதலில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் உயிரியலில் ஆர்வம் கொண்டு, மீண்டும் மாணவராக அமர்ந்து அதைப் பயின்றார். உயிரணுக்களில் புரதம் உருவாகும் இடமான ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தார். 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உயிரணுவைப் பற்றிய அந்த ஆய்வுக்குப் பரிசு வேதியியல் துறையில் வழங்கப்பட்டது. “இது என் பாடம், அது என் பாடமன்று” என்று அவர் ஒதுங்கியிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பில் அவருக்குப் பங்கு இருந்திருக்காது.

இக்கருத்துக்கு மறுப்பு இல்லாமல் இல்லை. “தேர்வில் மதிப்பெண் பெற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடிக்கொண்டிருந்தால் பாடத்தை முடிப்பது எப்போது?” என்று மாணவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மனப்பாடம் முற்றிலும் வேண்டாதது என்று யாரும் சொல்ல முடியாது. தனிமங்களின் குறியீடுகள், அயனிகளின் மின்னூட்டம், உறுப்புகளின் பெயர்கள் ஆகியவற்றை நினைவில் வைத்தே தீரவேண்டும். எழுத்துகளை அறியாமல் சொற்களைப் படிக்க முடியாது அல்லவா? ஆனால், எழுத்துகளை மட்டும் அறிந்தவர் நூலைப் படித்தவராக மாட்டார்.

மேலும், எஸ்.பி.எம். தேர்வில் ‘விளக்குக’, ‘காரணம் கூறுக’ என்று கேட்கும் கேள்விகளைக் கிளிப்பிள்ளைப் பாடத்தால் எதிர்கொள்ள முடியாது. பழக்கமான சோதனையில் ஒரு பொருளை மாற்றிக் கேட்டாலே மனப்பாடம் கைவிட்டுவிடும். அடுத்த கட்டப் படிப்பு இன்னும் கடினம். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழக முதலாண்டு ஆகியவற்றில் பாடத்தின் அளவு பல மடங்கு பெருகுகிறது. மருத்துவம், மருந்தியல், தாதிமை, உணவுத் தொழில்நுட்பம் என எதைத் தேர்ந்தெடுத்தாலும் உயிர்வேதியியல் அங்கே காத்திருக்கும். பள்ளியில் நல்ல தேர்ச்சி பெற்றும் அங்கே தடுமாறுவோர் உண்டு. அவர்களுக்கு அறிவுக் குறைவில்லை. கற்ற முறைதான் கைகொடுக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியோர் சொன்னது இதைத்தான்.

மொழி மாற்றமும் சிலருக்குத் தடையாகத் தோன்றுகிறது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் கற்றவர்கள், இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கின்றனர். புதிய சொற்கள் மிரட்டுகின்றன. உடனே மனம் மனப்பாடத்தை நாடுகிறது. உண்மையில், இரு மொழி அறிவு இங்கே பெரும் துணை. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்ற சொல் கிரேக்கத்தில் ஒளியையும் சேர்த்தலையும் குறிக்கும் சொற்களால் ஆனது. ‘ஒளிச்சேர்க்கை’ என்ற தமிழ்ச்சொல் அதே பொருளைக் கேட்டவுடன் புலப்படுத்துகிறது. ‘என்சைம்’ என்பதற்கு ஈஸ்டுக்குள் இருப்பது என்பது கிரேக்க மூலப்பொருள். நொதித்தலிலிருந்து பிறந்த ‘நொதி’ என்ற சொல்லும் அதே வழியில் வந்தது. ‘சவ்வூடுபரவல்’ என்பதைப் பிரித்துப் பார்த்தாலே சவ்வின் ஊடாகப் பரவுதல் என்ற விளக்கம் கிடைத்துவிடும். வேற்று மொழியில் படித்ததைத் தமிழில் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ விளக்க முடிந்தால், அந்த மாணவர் பாடத்தைப் புரிந்துகொண்டார் என்று துணிந்து சொல்லலாம்.

இம்முறையில் கற்கப் பெரிய வசதிகள் தேவையில்லை. சோதனையைத் தொடங்கும் முன்பே என்ன நிகழும், ஏன் நிகழும் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். முடிவு மாறி வந்தால் அங்கேதான் கற்றல் தொடங்குகிறது. உயிரியலில் ஒரு நிகழ்வைப் படிக்கும்போது, அதில் பங்கேற்கும் மூலக்கூறு எது என்று கேட்கலாம். வேதியியலில் ஒரு வினையைப் படிக்கும்போது, அது எந்த உயிரின் உடலில் நடக்கிறது என்று தேடலாம். கண்ட தொடர்புகளை எல்லாம் ஒரே குறிப்பேட்டில் எழுதி வரலாம். ஆசிரியரும் “இதை வேதியியலில் படித்தீர்களே” என்று ஒரு வார்த்தை நினைவூட்டினால் போதும். இரு வகுப்பறைகளுக்கும் இடையே கதவு திறந்துவிடும்.

இதில் பெற்றோருக்கும் பங்குண்டு. மருத்துவராக வேண்டும் என்பதற்காக மட்டுமே இப்பாடங்களைப் பிள்ளைகள் மீது திணிப்பதும், கடினம் என்று கேள்விப்பட்டதற்காக விலக்கி வைப்பதும் சரியன்று. நான்காம் படிவத்தில் செய்யும் தேர்வு பல வழிகளைத் திறக்கும். சில வழிகளை அடைக்கவும் செய்யும். அந்தத் தேர்வை அச்சமோ பெருமையோ முடிவு செய்யக்கூடாது. பிள்ளையின் ஆர்வமும், பாடத்தைப் பற்றிய தெளிவும் முடிவு செய்ய வேண்டும்.

தோட்டத்தில் பால்மரம் சீவிய முன்னோர், அமிலம் பாலை உறைய வைக்கும் என்பதைப் பட்டறிவால் அறிந்திருந்தனர். ‘ஏன்’ என்பதை அறியும் வாய்ப்பு அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. அந்த வாய்ப்பு இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் கிடைத்திருக்கிறது. அதைச் சில பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு மட்டும் பயன்படுத்துவது வீண். காரணத்தைக் கேட்டுக் கற்கும் மாணவரே அந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறார்.