வழிமொழிகிறேன், ஆனால்…

நம் ஊர்க் கூட்டங்களில் நன்றியுரை தொடங்கும்போது பாதிப் பேர் டிபன் பக்கம் நகர்ந்திருப்பார்கள். லண்டனில் உள்ள ராயல் புள்ளியியல் சங்கத்தின் கட்டுரை வாசிப்புக் கூட்டத்தில் சுவாரஸ்யம் ஆரம்பிப்பதே நன்றித் தீர்மானத்தில்தான். கட்டுரை முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போயிருக்கும். எழுதியவர் சுருக்கமாகப் பேசி அமர்வார். ஒருவர் நன்றித் தீர்மானத்தை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். வழிமொழிபவர் நன்றி சொல்லும் சாக்கில் கட்டுரையின் ஓட்டைகளையும் எடுத்துச் சொல்வது அங்கே மரபு. பிறகு சபையில் இருப்பவர்கள் பேசுவார்கள். வர முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம். கட்டுரை, அதன் மேல் வந்த விமர்சனம், ஆசிரியரின் பதில் எல்லாம் சங்க இதழில் அடுத்தடுத்து அச்சாகும்.

வேடிக்கை என்னவென்றால், 1834இல் தொடங்கியபோது இதே சங்கத்தின் முதல் விதி, கருத்துகளை அறவே ஒதுக்க வேண்டும் என்பது. கணித அறிஞர் பாபேஜ், பொருளியலாளர் மால்தஸ் போன்றவர்கள் சேர்ந்து உண்டாக்கிய சங்கம் அது. தகவலைத் திரட்டுவது மட்டுமே தங்கள் வேலை என்றார்கள். கோதுமைக் கதிர்க்கட்டு ஒன்றை முத்திரையாக வைத்து, கதிரைப் போரடிக்கும் வேலை மற்றவர்களுக்கு என்று அதில் எழுதியும் வைத்தார்கள். அந்த வாசகம் 1857இல் கைவிடப்பட்டது. எதை எண்ணுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதே ஒரு கருத்துதானே! கதிர்க்கட்டு மட்டும் முத்திரையில் நீடித்தது.

பிறகு அவர்களே போரடித்த வேகத்துக்கு 1934 டிசம்பர் கூட்டம் சாட்சி. நவீனப் புள்ளியியலின் பிதாமகர்களில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர் தன் கொள்கைகளை முன்வைத்தார். நன்றித் தீர்மானத்தை முன்மொழிய எழுந்த புள்ளியியலாளர் ஆர்தர் பௌலி, ஆசீர்வதிக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை என்ற பொருள்படத் தொடங்கி, வரிசையாகக் குறைகளை அடுக்கினார். ஃபிஷரும் விடவில்லை. புதிதாக வந்திருப்பவர்களுக்கு இந்தக் காரம் விசித்திரமாகத் தெரியலாம், எனக்கு ஒன்றும் வியப்பில்லை என்று பதில் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து இன்னொரு புள்ளியியலாளரான ஜெர்சி நெய்மன் வேளாண் பரிசோதனைகள் பற்றிக் கட்டுரை வாசித்தபோது ஃபிஷரின் முறை வந்தது. ஆசிரியர் தனக்கு முழுதாகத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன் என்றார். இத்தனையும் இதழில் அச்சாகியிருக்கிறது. அதே ஃபிஷர்தான் 1952இல் அந்தச் சங்கத்துக்குத் தலைவரானார்.

திறந்த விவாதம் எல்லோரையும் நண்பர்களாக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபிஷருக்கும் நெய்மனுக்கும் இருந்த பகை 1962இல் ஃபிஷர் இறக்கும்வரை தீரவில்லை. ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பதை வாசகர் நேரடியாகப் படித்துத் தானே முடிவுக்கு வரலாம். வதந்திக்கு அங்கே வேலை இல்லை.

சண்டையை விடுங்கள், லாபத்தைப் பாருங்கள். 1972இல் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் அதே சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். நோயாளிகளின் வயது, சிகிச்சை போன்ற காரணங்கள் அவர்கள் உயிர் பிழைத்திருக்கும் காலத்தை எவ்வளவு பாதிக்கின்றன என்று கணிக்கும் முறை ஒன்றைச் சொன்னது அது. இன்று புற்றுநோய் மருந்துப் பரிசோதனைகள் பலவற்றில் அந்த முறையைப் பார்க்கலாம். காக்ஸ் ஓரிடத்தில் விட்டுவைத்திருந்த வேலையை முடிக்க எளிய வழி ஒன்றைச் சொன்னார் நார்மன் பிரெஸ்லோ. அவர் அதை முதலில் தனிக் கட்டுரையாக எழுதவில்லை. விவாதப் பகுதியில் ஓரிரு பக்கக் குறிப்பாகத்தான் சொன்னார். அது இன்று அவர் பெயராலேயே உலகமெங்கும் கணினி மென்பொருள்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கால்ப்ஃபிளைஷ், பிரென்டிஸ் என்ற இருவர், காக்ஸின் வாதத்தில் ஒரு படி சரியாக நிற்கவில்லை என்று அதே பக்கங்களில் எழுதினார்கள். காக்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. 1975இல் அந்த வாதத்தைத் திருத்தமாக எழுதித் தந்தார். இடமின்மை காரணமாக அந்தக் குறிப்புகளை ஓர் ஆசிரியர் குழு வெட்டியிருந்தால்?

நம் தொழில்முறைச் சங்கங்கள் நடத்தும் இதழ்களைப் புரட்டினால் இந்தக் கேள்வி உறுத்துகிறது. எனக்குத் தெரிந்த ஒரு சங்க இதழில் தலைப்புக் கட்டுரையின் கணக்கில் பிழை. உறுப்பினர் ஒருவர் பணிவாகவே கடிதம் எழுதினார். அது அச்சில் வரவில்லை. விசாரித்தபோது, “சார், எழுதினவர் ரொம்ப சீனியர். போன்ல சொல்லிட்டோம், விட்டுடுங்களேன்” என்றார் பொறுப்பாசிரியர். அந்த இதழில் பொன்னாடை போர்த்தும் படங்களுக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது. போனில் சொன்னது எழுதியவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பிழையான கணக்கை நம்பி வேலை பார்க்கப்போகும் இளைஞருக்கு யார் சொல்வது?

கடிதங்களுக்கு வடிகட்டி வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ஆளைத் திட்டுவது, சாதியை இழுப்பது, ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது எல்லாவற்றையும் தாராளமாக வெட்டலாம். லண்டன் சங்கம்கூட எழுதி அனுப்புபவர்களுக்கு 400 சொல் என்று எல்லை வைத்திருக்கிறது. விதிகள் கடிதம் வருவதற்கு முன்பே அச்சில் இருக்க வேண்டும், தலைவருக்கும் புது உறுப்பினருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், நிராகரித்தால் காரணம் எழுதித் தர வேண்டும். வந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு விதியைத் தேடுவது வடிகட்டுவதாகாது, வாயை அடைப்பது.

பெரியவர்களின் மரியாதை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் காக்ஸை நினைத்துக்கொள்ளட்டும். குறை சொன்னவர்களின் எழுத்தும் அவருடைய கட்டுரையோடு சேர்ந்தே அச்சானது. அதனால் அவர் பெயர் ஓர் அங்குலமும் குறையவில்லை.

ஆண்டுப் பொதுக்குழு கூடும்போது உங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: இதழில் வரும் கட்டுரைக்கு மறுப்பு வந்தால், கட்டுரையாளரின் பதிலோடு அடுத்த இதழிலேயே அச்சாக வேண்டும். செலவு இரண்டு பக்கம் காகிதம்தான்.