கடல் தாண்டினார்கள், ஜாதி தாண்டினார்களா?

புதுக்கோட்டை ஜில்லாவில் அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர், பொன்னமராவதி ஆகிய எந்தப் பக்கம் போனாலும், “என் மகன் லண்டனில் படிக்கிறான்”, “என் மகள் ஜெர்மனியில் படிக்கிறாள்” என்று சொல்லும் பெற்றோரை இன்று காணலாம். இவர்களெல்லாம் ஜமீன்தாரர்களும் மிட்டாதாரர்களும் அல்லர். நிலத்தை ஈடு வைத்தவர்களும், நகையை அடகு வைத்தவர்களும், பாங்கியில் கடன் வாங்கியவர்களும் இவர்களில் பலர். இதைக் கண்டு நாம் மனப்பூர்வமாக மகிழ்ச்சியடைகிறோம். இன்னும் பதின்மடங்கு பேர் போக வேண்டும் என்பதே நமது ஆசை. ஆனால், இவ்வளவு பாடுபட்டுக் கடல் தாண்டிப் போகிறவர்கள் எதைக் கற்கிறார்கள், திரும்பும்போது எதைக் கொண்டு வருகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதாகக் காணோம். ஆகவே நாம் கேட்கிறோம்.

முதலாவது, கடல் தாண்டுவதே மகா பாவம் என்று சொன்னவர்கள் யார்? பௌதாயன தர்ம சூத்திரம், ஒருவனை ஜாதியிலிருந்து விழச் செய்யும் குற்றங்களை வரிசைப்படுத்தும் இடத்தில், கடல் யாத்திரையையும் ஒரு குற்றமாக வைத்திருக்கிறது. இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1888-ல் காந்தியார் பாரிஸ்டர் படிப்புக்குச் சீமைக்குப் புறப்பட்டபோது அவரது ஜாதியார் அவரை ஜாதியை விட்டே தள்ளி வைத்தார்கள். நமது தமிழ்நாட்டுக் கணித மேதை ராமானுஜம் 1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் போய், 1918-ல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகி, உலகமே மெச்ச 1919-ல் திரும்பினார். 1920-ல் அவர் இறந்தபோது, கடல் தாண்டியதற்குப் பிராயச்சித்தம் செய்து கொள்ளவில்லை என்ற காரணத்தால் வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்று அவரது சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். உலகம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒருவரின் பிணத்துக்குக்கூடத் தீட்டுப் பார்த்த மதத்தின் யோக்கியதை இவ்வளவுதான்.

நிற்க, அந்தச் சாஸ்திரம் இன்று என்னவாயிற்று? ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்னும் ஊரில் ஒரு பாலாஜி கோயில் இருக்கிறது. அதற்கு “விசா பாலாஜி” என்றே பெயர் வந்துவிட்டது. வெளிநாடு போக அனுமதி வேண்டுவோர் அங்கே 11 தடவை சுற்ற வேண்டுமாம். அனுமதி கிடைத்த பின் 108 தடவை சுற்ற வேண்டுமாம். நேற்றுவரை கடல் தாண்டாதே என்ற கடவுள், இன்று கடல் தாண்ட அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுக்கிறார்! சாஸ்திரம் மாறாதது, சனாதனமானது என்று பேசுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? சம்பாத்தியம் வருகிற பக்கம் சாஸ்திரமும் திரும்பிக்கொள்ளும் என்பதைத் தவிர வேறு சமாதானம் நமக்குத் தெரியவில்லை.

இனி, அங்கே போன நமது மாணாக்கர் ஒருவருடைய ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் எழுந்தால் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கத் தாயார் இல்லை. தன் காப்பியைத் தானே போட்டுக் குடித்துவிட்டு, தன் பாத்திரத்தைத் தானே கழுவ வேண்டும். பலர் கூடிக் குடியிருக்கும் வீடானால், கக்கூசைக் கழுவுவதும் முறை வைத்து அவர் தலையில் விழும். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர் ஆப்பிரிக்கராயிருக்கலாம், சீனராயிருக்கலாம், முஸ்லிமாயிருக்கலாம். அவர் என்ன குலம் என்று கேட்க அங்கே இடமில்லை. ஆசிரியர் ஒரு பெண்ணாயிருப்பார். அவர் பிழை என்று கோடு போட்டால் பிழைதான். மாலையில் கடையிலோ ஓட்டலிலோ வேலை. பிரிட்டனில் பட்டப் படிப்பு மாணாக்கர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். அந்த 20 மணி நேரத்தில் எச்சில் தட்டும் எடுப்பார்; தரையும் துடைப்பார். இரவில் ஊரிலிருந்து தகப்பனார் பேசுவார். வட்டி கட்டும் தேதியைப் பற்றிப் பேச்சு வரும். அதன் பிறகு பாடம் படித்துவிட்டுப் படுப்பார்.

தோழர்களே! இந்த ஒரு நாளில் வருணாசிரம தர்மம் எத்தனை இடத்தில் உடைந்தது என்று எண்ணிப் பாருங்கள். இன்ன வேலை இன்ன ஜாதிக்கு என்பது காலையிலேயே உடைந்தது. தொட்டால் தீட்டு என்பது வகுப்பில் உடைந்தது. பெண் அடங்கி நடக்க வேண்டியவள் என்பது ஆசிரியர் முன்னிலையில் உடைந்தது. உடலுழைப்பு கேவலம் என்பது ஓட்டலில் உடைந்தது. இப்படி ஆயிரம் நாள் வாழ்ந்த ஒருவர், திரும்பி வரும்போது முழு மனிதராக அல்லவா வர வேண்டும்?

நடப்பது என்ன? ஊருக்கு வந்த மறுநாளே சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறவர்களைக் காண்கிறோம். தன் ஜாதியில், தன் உட்பிரிவில், ஜாதகம் பொருந்திய பெண்ணைத் தேடுகிறார்கள். சீமைப் பட்டத்துக்கு இத்தனை சவரன், மோட்டாருக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறார்கள். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். கடனைப் பெண் வீட்டார் தலையில் கட்டுவதற்குச் சர்வகலாசாலைப் பட்டம் எதற்கு? மாட்டுச் சந்தையிலாவது மாடு தன் விலையைத் தானே பேசுவதில்லை.

ஜாதி ஊரிலே காத்திருப்பதோடு நிற்கவில்லை. பெட்டியில் ஏறிக் கூடவே போகவும் செய்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணச் சர்வகலாசாலை 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் ஜாதியையும் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை ஜாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுவே. அதே ஆண்டில் கலிபோர்னியா சட்டசபை நிறைவேற்றிய அத்தகைய மசோதாவை மட்டும் அம்மாகாணக் கவர்னர் அக்டோபரில் நிராகரித்து விட்டார். அந்நாட்டார் தாமாகவா இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள்? நம்மவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு அவர்கள் மருந்து தேட வேண்டியதாயிற்று. இதைவிட வெட்கக்கேடு வேறு வேண்டுமா?

ஆனால், சீமைப் படிப்பை ஜாதியின் வேரில் வைத்தவர்களும் உண்டு. டாக்டர் அம்பேத்கர் 1913-ல் பரோடா சமஸ்தானத்தின் உதவிப் பணத்தில் நியூயார்க் போய்க் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்தார். 1916-ல் அவர் அங்கே வாசித்த கட்டுரை இந்தியாவின் ஜாதிகளைப் பற்றியதுதான். மறு ஆண்டு பரோடாவில் உத்தியோகத்துக்கு வந்தபோது அவருக்குக் குடியிருக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பிறகு 1920-ல் மறுபடியும் லண்டன் சென்றார். காலையில் நூலகம் திறக்கும்போது போய், மூடும்போதே வெளிவந்து, வயிற்றைச் சுருக்கிப் படித்தார். அந்தப் படிப்பு யாருக்குப் பயன்பட்டது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது புதுக்கோட்டையிலேயே 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாயார் சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு உட்பட்ட குலத்தில் பிறந்தவர். ஆண்களே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே படித்து, 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, 1925-ல் மேல்பயிற்சிக்காக லண்டன் சென்றார். திரும்பி வந்து நகையும் காரும் சேர்க்கவில்லை. சட்டசபைக்குள் போய், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் அக்கிரமத்தை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். சாஸ்திரம் போச்சு, கலை போச்சு என்று கூக்குரலிட்டவர்கள் பலர். சட்டம் முழுமையாக வந்தது 1947-ல். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் தொடங்கினார். சீமைக்குப் போய் வந்ததற்கு இதுவல்லவோ அடையாளம்!

இத்தகையவர்கள் இன்னும் தோன்ற சர்க்கார் உதவுகிறதா? தாழ்த்தப்பட்டோரும், நிலமற்ற கூலிகளின் பிள்ளைகளும் வெளிநாட்டில் படிக்க மத்திய சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. அதற்கு 2022 பிப்ரவரியில் ஒரு விதி செய்தார்கள். இந்தியக் கலாசாரம், சரித்திரம், இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய படிப்புக்கு இப்பணம் கிடையாதாம்! அம்பேத்கர் அந்த ஆண்டில் விண்ணப்பித்திருந்தால் அவரது ஜாதி ஆராய்ச்சிக்கு ஒரு காசும் கிடைத்திராது.

அதே 2022 டிசம்பரில்தான் நமது ஜில்லாவில் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. செய்தவர் யார் என்ற வழக்கு ஒரு புறம் இருக்கட்டும். அதை விசாரிக்கப் போன அதிகாரிகள் பக்கத்து இறையூரில் டீக்கடை இரட்டைக் குவளையையும், கோயிலுக்குள் விடாத கொடுமையையும் கண்டார்களே, அதற்கு யார் பதில் சொல்லுவது? அவ்வூர்ப் பிள்ளை ஒருவன், “இது ஏன் நடக்கிறது என்று உலகத்தின் சிறந்த சர்வகலாசாலையில் ஆராயப் போகிறேன்” என்றால், “அதைத் தவிர வேறு எதையாவது படி” என்பதா நியாயம்? நோயாளியே நோயைப் படிக்கக் கூடாது என்பது யாரைக் காப்பாற்ற? இப்படிப்பட்ட விதி எந்தச் சர்க்காரிடமும் ஒரு நாளும் இருக்கக் கூடாது.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளை அனுப்புங்கள். பெண்களை முந்தி அனுப்புங்கள். கோயிலைச் சுற்றும் நேரத்தில் சர்வகலாசாலையின் தரத்தையும், கடனின் வட்டியையும், தரகன் சொல்லின் உண்மையையும் விசாரியுங்கள். வாலிபர்களே, அங்கே தட்டுக் கழுவிய கையால் இங்கேயும் கழுவுங்கள். அங்கே யாரோடும் உட்கார்ந்து உண்டவர்கள் உங்கள் ஊர்ச் சேரியிலும் உட்கார்ந்து உண்ணுங்கள். ஜாதியும் வரதட்சணையும் இல்லாமல் மணம் செய்து கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர் எத்தனை ஆயிரம் மைல் பறந்திருந்தாலும், அவர் தம் தெருவைத் தாண்டியவராக நாம் ஒப்புக்கொள்ள முடியாது.