வாடைக்குக் கட்டிய வள்ளம்

தை பிறந்தும் வாடை ஓயவில்லை. டொல்பின் பார்க்க ஆலங்குடாவுக்கு ஆட்கள் வரும் பருவம் இது. விடியற்காலையில் மேற்குக் கடல் அலையின்றிக் கிடக்கும். அதே நேரத்தில் ஊருக்குக் கிழக்கே புத்தளம் களப்பு குமுறும். வடகிழக்குக் காற்று அந்த அகலத் தண்ணீரைத் தடையில்லாமல் கடந்து வந்து நம் கரையில் மோதுகிறது. கடலுக்கு நம் குடாநாட்டின் தென்னையும் மணலும் மறைப்பு, களப்புக்கு அது இல்லை. சோளகம் எழும்பும் மாதங்களில் கதை தலைகீழாகும்.

அதனால் மார்கழி, தையில் களப்பில் நண்டு வலை போடுகிறவர்களுக்குச் சில நாட்கள் வள்ளம் கட்டிக் கிடப்பதுதான் வேலை. அப்படியொரு நாளில் எனக்குத் தெரிந்த நானா ஒருவரின் வள்ளத்தில் பகல் முழுக்க இருந்தேன். கண்ணாப் பற்றையின் மறைவில், முழங்காலளவு தண்ணீரில் வள்ளம் நின்றது. கரைக்குப் போகலாம், ஆனால் நானா போகவில்லை. காற்று எந்நேரமும் தணியலாம் என்று வள்ளத்திலேயே இருந்தார்.

வெட்டிய பிளாஸ்டிக் கேனால் அடித்தண்ணீரை இறைத்துவிட்டு வலையை மடியில் விரித்தார். நண்டு கொடுக்கால் கிழித்த கண்களைத் தேடி விரல் ஓடும். கிழிசலைச் சுற்றி நூலை வெட்டி, ஓட்டையை முதலில் பெரிதாக்குவார். பிறகு ஊசியை நுழைத்து, பெருவிரலில் அளவு வைத்து, முடிச்சு முடிச்சாக மூடிக்கொண்டு வருவார். ஓட்டையைப் பெரிதாக்காமல் வலையைச் சரிசெய்ய முடியாது. நல்ல கண்ணிலிருந்து தொடங்கினால்தான் முடிச்சு நிற்கும். மதியத்துக்குப் பாணும் சம்பலும், பிறகு பிளேன்டீ. தெற்கே நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. மழை நாளில் கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீரைக் கொண்டு வந்தால் களப்பின் உப்பு குறையும், நண்டும் இடம் மாறும் என்றார். அதிகம் பேசுகிறவர் அல்லர்.

இந்தப் பகுதியில் படகிலேயே நாளைக் கழிப்பது புதிதன்று. ஒல்லாந்தர் காலத்திலிருந்து புத்தளத்துக்கும் கொழும்புக்கும் இடையே களப்புகளையும் வாய்க்கால்களையும் இணைத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் நீர்வழி இருந்தது. 1802இல் தொடங்கி 1804இல் முடிந்த ஹமில்டன் கால்வாய் அதன் தெற்குப் பக்கத்துப் பிரிட்டிஷ் சேர்க்கை. கூரை போட்ட தட்டைச் சரக்குப் படகுகள் உப்பையும் தேங்காயையும் கொப்பராவையும் ஏற்றி, கோல் ஊன்றியும் கயிறு கட்டி இழுத்தும் மெதுவாகப் போயின. படகுக்காரர் கூரைக்கடியிலேயே சமைத்தார்கள், உறங்கினார்கள். 1926இல் ரயில் புத்தளம் வந்தது. நீர்வழியின் சரக்கு ரயிலுக்கும் லொறிக்கும் போனது.

இங்கிலாந்திலும் இதுவே நடந்தது. ஏழடி அகலத்துக்கு மேற்படாத ஒடுங்கிய படகுகளில், பின்பக்கத்துப் பத்தடி அறைக்குள் குடும்பம் முழுதும் வாழ்ந்தது. ரயில் போட்டியால் கூலி குறைந்தபோது கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் பெண்டு பிள்ளைகளைப் படகில் ஏற்றியவர்கள் பலர். 1962-63 பனிக்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, மிச்சமிருந்த சரக்குத் தொழிலும் பெரும்பாலும் முடிந்தது. ஆனால் அங்கே அதற்கு முன்பே, 1944இல் டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர் தன் படகு வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார், 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் எழுந்தது. மண் மூடிய கால்வாய் மதகுகளைத் தொண்டர்கள் தோண்டினார்கள். இன்று குளிர்காலத்தில் கரி அடுப்பு மூட்டி அந்தப் படகுகளில் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள்.

நம் வாய்க்காலுக்கு அப்படி யாரும் வரவில்லை, வந்தவை இறால் பண்ணைகள். முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் இணைக்கும் பகுதியை அவை இரு கரையிலும் சூழ்ந்தன. எந்த வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுத்தார்களோ, அதே வாய்க்காலில் கழிவையும் விட்டார்கள். ஒரு பண்ணையின் நோய் அடுத்த பண்ணையின் குழாய்க்குள் போனது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது குளங்கள் பல கைவிடப்பட்டன. படகு ஓடுகிற வாய்க்கால் என்றால் மண் தூர்வதையும் தண்ணீர் நாறுவதையும் முதலில் படகுக்காரன் கண்டிருப்பான், சத்தம் போட்டிருப்பான். ஆளில்லாத தண்ணீருக்காகப் பேச யாருமில்லை.

சுற்றுலாவுக்காக வாய்க்காலைத் திறந்தால் போதும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. பண்ணைக்குள் தண்ணீர் வரும் வழியும் கழிவு போகும் வழியும் முதலில் வேறாக வேண்டும். பிறகு முந்தல் பக்கத்தைத் தூர்வார வேண்டும். களப்பு குமுறும் நாட்களில் சின்ன வள்ளங்கள் ஒதுங்கவும், கரையோர ஊர்களுக்குத் தேங்காயும் உப்பும் ஏற்றிப் போகவும் அந்த நீர்வழி வேண்டும். நானாவிடம் கேட்டேன், வாய்க்கால் திறந்தால் போவீர்களா என்று. முடிச்சை இறுக்கிக்கொண்டே, "தண்ணி ஆழம் இருந்தா நாளைக்கே போவன்" என்றார்.