நடிப்பு என்று சொல்லாதீர்கள்!

என் ஓரகத்திக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 18 வருஷம் ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்தவள். போன வருஷம் அவள் கழுத்து தானாகவே இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. நேராக்கினாலும் மறுபடி இழுத்துக்கொண்டு போகும். வலி வேறு.

சுளுக்கு என்று நீவி விட்டோம். மந்திரித்தும் பார்த்தாயிற்று. அப்புறம்தான் எங்கள் மாமியார் ஒன்றைக் கவனித்தார். தாடையில் விரலை லேசாக வைத்தால் கழுத்து நேராகிவிடுகிறது. தூங்கும்போது இழுப்பே இல்லை. "பாத்தியா, வேலைக்குப் போக வலிக்குது, நடிக்கிறா!" என்றார். நானும் அதை நம்பினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கோவையில் நரம்பியல் டாக்டரிடம் போனபோது அந்த விரலைப் பார்த்ததுமே, "இதுதாம்மா இந்த நோயோட அடையாளமே" என்றார். 'சர்வைகல் டிஸ்டோனியா' என்று பெயராம். மூளை கழுத்துத் தசைகளுக்குத் தப்பான கட்டளை அனுப்புகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம், அதுவும் நாற்பது வயதுக்கு மேல். கவலைப்பட்டால் கூடும், தூக்கத்தில் அடங்கும்.

தையல் வேலைதான் காரணமா என்று கேட்டேன். அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஓயாமல் எழுதுகிறவர்களுக்கும் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கும் விரல்கள் இதே மாதிரி முறுக்கிக்கொள்வது வெகுகாலமாகத் தெரிந்த விஷயமாம். நோய் எதனால் வந்தாலும், குனிந்தே கிடந்தால் கழுத்து வலிக்கத்தானே செய்யும்? மெஷின், நாற்காலி உயரத்தைச் சரிசெய்து, மணிக்கு ஐந்து நிமிஷம் எழுந்து நடக்க விட்டால் முதலாளிக்கு என்ன குறைந்துவிடும்? பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவள் தானாக எழுந்திருக்க மாட்டாள், காசு போய்விடுமே!

இன்னொன்று, சகோதரிகளே. கழுத்தைச் சொடுக்கிச் சுளுக்கெடுக்க யாரையும் விடாதீர்கள். ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

சினிமாக்காரர்கள் முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதே போட்டாக்ஸ் ஊசியைத்தான் இவள் கழுத்துத் தசையில் போடுகிறார்கள். நோய் அடியோடு போகாது. சுமார் மூன்று மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். விலைதான் கண்ணைக் கட்டுகிறது.

ஊசியின் வேகம் குறையும்போது மறுபடி விரல் தாடைக்குப் போகும். இப்போது மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. தலையணையை எடுத்துப் போட்டு, "செத்த நேரம் படு" என்கிறார்.

– ஒரு வாசகி, திருப்பூர்.